பார்சல் வேண்டாம்

ஆரணிக்குப் பட்டுப்புடவை வாங்க வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கடைக்குப் போகிறவர்கள் ஒரு வகை. கடையில் ஏமாற்றிவிடுவார்கள், தறி வைத்து நெய்கிறவர் வீட்டுக்கே நேராகப் போய்விட்டால் சல்லிசாக வாங்கிவிடலாம் என்று சொந்தக்காரர் யாரோ சொன்னதைக் கேட்டு, வேன் பிடித்து எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் இன்னொரு வகை. அவர்களுக்கு எங்களிடம் சல்லிசாகக் கிடைக்கிறதா என்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அது என் வீட்டுக்காரரின் இலாகா. சாப்பாடு நிச்சயம் கிடைக்கும். அது என் இலாகா.

கல்யாணப் புடவை எடுக்க வருகிற கூட்டத்துக்கு மத்தியானச் சாப்பாடு போட்டு அனுப்புவது எங்கள் வீட்டு வழக்கம். வேன் வந்து நின்றதும் என் வீட்டுக்காரர் வாசலுக்குப் போய், பெண்ணைப் பெற்றவரின் கையைப் பிடித்துக்கொண்டு, நெடுநாள் பிரிந்த அண்ணன் தம்பி போல உள்ளே அழைத்து வருவார். நான் சமையலறை ஜன்னல் வழியாகத் தலைகளை எண்ணுவேன். நாலைந்து பேர்தான் வருவோம் என்று போனில் சொன்னவர்கள் வேன் நிறைய இறங்குவார்கள். வேன் டிரைவரை எந்தக் குடும்பமும் கணக்கில் சேர்த்ததில்லை. எல்லோரையும்விட அதிகம் சாப்பிடுகிறவர் அவராகத்தான் இருப்பார்.

என் வீட்டுக்காரருக்கு ஓர் அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு. அவருடைய பார்டர் டிசைனுக்காகத்தான் ஜனங்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்பது அது. போன முறை அக்காவுக்கு எடுத்தோம், இந்த முறை தங்கைக்கு என்று வந்து இறங்குகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே, "அன்னிக்கு ஒரு வத்தக்கொழம்பு வெச்சீங்களேம்மா" என்று ஆரம்பிப்பது அவர் காதில் விழுவதில்லை. விழுந்தாலும் அதைப் பார்டரைப் பற்றிய பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

இந்தச் சாப்பாட்டில் ஒரு சிக்கல் இருந்தது. பசியோடு இருப்பவர்கள் புடவை வாங்க மாட்டார்கள். புரட்டிப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அதனால் சாப்பாடுதான் முதலில். ஆனால் சாப்பிட்ட கை அடுத்ததாகப் புடவையைத் தொடும். சாம்பாரில் பிசைந்த கையை எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் கொஞ்சம் மஞ்சள் மிச்சமிருக்கும். ஒரு தடவை சந்தன நிற முகூர்த்தப் புடவையின் முந்தானையில் யாரோ ஒருவரின் கட்டைவிரல் பதிந்துவிட்டது. அந்தப் புடவை இன்றைக்கும் எங்கள் அலமாரியில், மடிப்பு மாற்றி மாற்றி வைக்கப்பட்டு, கண் சரியாகத் தெரியாத ஒரு வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கிறது. அதிலிருந்து, சாப்பிட்டு எழுந்தவர்களுக்குக் கடலைமாவு கொடுத்து, கையில் தண்ணீர் ஊற்றி, துண்டை நீட்டிக்கொண்டு நிற்பதும் என் வேலையோடு சேர்ந்துகொண்டது. அவர் ஹாலில் வெள்ளை விரிப்பின் மேல் உட்கார்ந்து, கை கழுவி வருகிற ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரிப்பார். சிரித்தபடியே விரல்களைப் பார்ப்பார்.

வேன் கிளம்பின பிறகு நான் சாப்பிடுவேன். அப்போது சாயங்கால வெயில் சமையலறைச் சுவரில் ஏறியிருக்கும். சோறு ஆறி விறைத்திருக்கும். சாம்பாரில் காயெல்லாம் போய், அடியில் பருப்பு மட்டும் இருக்கும். சூடு பண்ணிச் சாப்பிடக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. விடியற்காலையிலிருந்து அடுப்பு முன்னால் நின்றவளுக்கு மறுபடியும் அடுப்பைப் பற்றவைப்பதைவிட ஆறிய சோறே சொர்க்கம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இருபத்தைந்து வருஷமாக இப்படியே போனதில் என் நாக்கு சூட்டையே மறந்துவிட்டது. டீயைக்கூட ஆற வைத்துத்தான் குடிப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஆரணியில் தாய்லாந்து ஓட்டல் திறந்தார்கள்.

கோட்டை மைதானத்துக்குப் போகிற வழியில், செல்போன் கடைக்கு மேலே, மாடியில். தாய்லாந்து சாப்பாடு என்று பலகை வைத்து, பக்கத்தில் ஒரு யானையையும் வரைந்திருந்தார்கள். ஊர் கூடி யோசித்தது. பாம்பு போடுகிறார்கள் என்றார் ஒருவர். பாம்பு இல்லை, கரப்பான்பூச்சி என்று திருத்தினார் இன்னொருவர். இரண்டு பேருமே படியேறிப் பார்த்தவர்கள் இல்லை. உண்மையிலேயே படியேறியவர் எங்கள் சொந்தக்காரர் ஒருவர்தான். அவர் திரும்பி வந்து சொன்னது ஊரை இன்னும் அதிகமாகக் கலவரப்படுத்தியது. "சாம்பாரு இல்ல, ஊறுகா இல்ல, அப்பளம் இல்ல. அது இன்னா ஓட்டலு?" என்றார்.

அரிசி மில்காரர்களுக்குத்தான் வயிற்றெரிச்சல் அதிகம். நியாயம்தான். லாரி லாரியாக அரிசி வெளியூருக்குப் போகிற ஊர் இது. ஆரணி அரிசி என்று சொல்லித் தமிழ்நாடு முழுக்க விற்கிறார்கள். அந்த ஊரில் ஒருவன் மெட்ராஸிலிருந்து தாய்லாந்து அரிசி மூட்டையை வரவழைத்து மாடிக்கு ஏற்றுகிறான் என்றால், அது சமையல் விஷயம் இல்லை, மான விஷயம்.

ஓட்டல்காரர் வெளியாள் இல்லை. பெரணமல்லூர்க்காரர். பாங்காக்கில் ஓட்டல் சமையலறைகளில் பல வருஷம் வேலை பார்த்தவர். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊர் திரும்பி, தெரிந்த தொழிலைத் தெரியாத ஜனங்களிடம் ஆரம்பித்திருந்தார். அவர் சமையலறையை விட்டு வெளியே வர மாட்டார். பரிமாறுவது, காசு வாங்குவது, இது பாம்பு இல்லை என்று சத்தியம் பண்ணுவது எல்லாம் அவர் மனைவி.

நான் அங்கே போனது மழைக்கு ஒதுங்கி. புடவைக்கு வைக்கிற அட்டைப் பெட்டிகள் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். தூறல் பிடித்துக்கொண்டது. நான் நனைந்தால் காய்ந்துவிடுவேன், அட்டை நனைந்தால் போயிற்று என்று பக்கத்திலிருந்த படிக்கட்டில் ஏறினேன். ஏற ஏற ஒரு வாசனை. எலுமிச்சை மாதிரி, ஆனால் எலுமிச்சை இல்லை. நாரத்தை இலையைக் கசக்கினது மாதிரி, அதுவும் முழுசாக இல்லை. அதற்குள்ளே இருமல் மருந்து மாதிரி ஒன்று. மேலே போய்ச் சேரும்போது வாயில் எச்சில் ஊறி நின்றது. வெட்கமாகப் போய்விட்டது.

"உக்காருங்கக்கா. மழை நிக்கறதுக்குள்ள ஒரு சூப்பு குடிச்சிட்டுப் போங்க" என்றாள் ஓட்டல்காரரின் மனைவி. மேஜை எல்லாம் காலி.

எனக்கு உட்கார ஆசைதான். ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிரே மளிகைக்கடை. மளிகைக்கடைக்காரருக்கு எங்கள் வீட்டை மூன்று தலைமுறையாகத் தெரியும். எங்கள் ஊரில், வியாபாரக் குடும்பத்துப் பெண்பிள்ளை உள்ளூர் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டால் அதற்கு இரண்டே அர்த்தம். ஒன்று, வீட்டில் சண்டை. இல்லையென்றால், வியாபாரம் படுத்துவிட்டது. திருவண்ணாமலை ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடலாம், அது கோயிலுக்குப் போன இடம். வேலூர் ஓட்டலில் சாப்பிடலாம், அது ஆஸ்பத்திரிக்குப் போன இடம். சொந்த ஊரில் பசிப்பது மட்டும்தான் குற்றம். அதற்கு ஊர் கண்டுபிடித்து வைத்திருக்கிற பரிகாரம் ஒன்று உண்டு.

"பார்சல் குடும்மா" என்றேன்.

ரப்பர் பேண்டு போட்ட பாலிதீன் பையில் அந்த சூப்பு வீட்டுக்கு வந்தது. ஒரு டம்ளரில் ஊற்றி, சமையலறையில் நின்றபடியே குடித்தேன். ஆறிப்போயிருந்தது. ஆனாலும் என்ன ருசி! புளிப்பு முதலில் வந்து கண்ணைச் சுருக்கியது. பின்னாலேயே பச்சைமிளகாய். அப்புறம் அடியில் மெல்லியதாக ஓர் இனிப்பு. மிதந்த துண்டு ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். சித்தரத்தை! பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் இடித்துக் கஷாயம் போடுவோமே, அதே சித்தரத்தை. நம்முடைய சாமான்தான், வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டு, ஆளே அடையாளம் தெரியாமல் அழகாகி வந்திருந்தது.

அன்றையிலிருந்து அட்டைப் பெட்டி வாங்கப் போகிற வேலை எனக்கு அடிக்கடி வந்தது. பெட்டிகள் பீரோ மேல் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. கோழியைத் துளசி போட்டு வதக்குவது தாய்லாந்தில் பிரசித்தமாம். எங்கள் ஊரில் அதைச் சொன்னால் கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான் என்று அந்தப் பெண்ணுக்கே தெரிந்திருந்தது. அதனால் திருநீற்றுப் பச்சிலை போட்டுச் செய்தார்கள். பச்சைக் குழம்பு ஒன்று, வெள்ளைக் குழம்பு ஒன்று, இரண்டிலும் தேங்காய்ப்பால். பப்பாளிக்காயைத் துருவி, வேர்க்கடலையும் புளியும் பனைவெல்லமும் சேர்த்து இடித்த ஒரு கலவை. எல்லாவற்றையும் நான் பாலிதீன் பையிலிருந்து, நின்றபடி, ஆறினதாகவே அறிந்துகொண்டேன்.

ஒரு நாள் என் வீட்டுக்காரர் சமையலறைக்குள் தலையை நீட்டி மூக்கை உறிஞ்சினார். "இன்னா இது, கஷாய வாசனை?"

"இருமலுங்க" என்றேன். வாயில் சித்தரத்தைத் துண்டு இருந்தது.

அவர் அதை நம்பி, தன் தங்கையிடம் போனில் சொல்லிவிட்டார். என் நாத்தனார் என்னைக் கூப்பிட்டு, இத்தனை நாள் இருமல் நல்லதில்லை அண்ணி, நெஞ்சை ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள் என்று அக்கறையாகச் சொன்னாள். அவளுக்காக நான் போனிலேயே இரண்டு தரம் இருமிக் காட்ட வேண்டியிருந்தது.

அந்தப் பெண்ணுக்கு மட்டும் என் பார்சல் பிடிக்கவில்லை. "இத்த ஆறவெச்சி சாப்பிட்டா இன்னாக்கா ருசி? அடுப்புலேந்து எறக்கி, ஆவி பறக்கறப்ப வாயில வெக்கணும். ஒரு தபா உக்காந்து சாப்பிடுங்க. நான் கொண்டாந்து வெக்கறேன்" என்றாள்.

நான் கொண்டாந்து வெக்கறேன். கடைசியாக யார் என்னிடம் அப்படிச் சொன்னார்கள் என்று யோசித்தபடியே படியிறங்கினேன். பிரசவத்துக்குப் பிறந்த வீடு போயிருந்தபோது அம்மா சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு நினைவில்லை. எனக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. ஊட்டி வேண்டாம், வைரத்தோடு வேண்டாம். ஒரே ஒரு தடவை அந்த மாடியில் நாற்காலியில் உட்கார்ந்து, வேறொருவர் சமைத்ததை, வேறொருத்தி கொண்டுவந்து வைக்க, சூடாகச் சாப்பிட வேண்டும். அது ஒரு பிடிவாதமாக எனக்குள் உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் கேட்டேன்.

"நம்ம ஊர்ல, ஓட்டல்ல உக்காந்தா?" என்றார். நான் ஏதோ நடுத்தெருவில் குளிக்கப் போகிறேன் என்று சொன்னதுபோல. "பாக்கறவன் இன்னா சொல்லுவான்? இவுங்க வூட்ல அடுப்பு எரியலன்னு சொல்லுவான். இல்லாட்டி நமக்குள்ள சண்டைன்னுவான்."

"சண்டைன்னே சொல்லிட்டுப் போவட்டுமே."

"இன்னாத்துக்கு சண்டை?"

"ஓட்டலுக்குப் போறதுக்குத்தான்."

பேஜார் பண்ணாதே என்று சொல்லிவிட்டுப் புடவை மடிக்கப் போய்விட்டார். சரி, இந்த மனிதரிடம் ஆசையைப் பேசிப் பிரயோஜனமில்லை, வியாபாரத்தைப் பேச வேண்டும் என்று எனக்கு உறைத்தது. இரண்டு நாள் விட்டு, அவர் ஒரு வெண்பட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரமாகப் போனேன்.

"ஏங்க, அந்தத் தாய்லாந்து ஓட்டல்ல கையாலயே சாப்பிட மாட்டாங்களாம். ஸ்பூனும் ஃபோர்க்கும்தானாம். கொழம்புல மஞ்சத்தூளே கெடையாதாம்."

புடவை அப்படியே நின்றது. "மஞ்சளே போட மாட்டானா?"

"வெள்ளைக் கொழம்பு. பச்சைக் கொழம்பு. கையே படாது."

அந்தக் கண்களை நான் பார்த்தேன். எங்கள் நிச்சயதார்த்தத்தில்கூட அவ்வளவு ஒளி இல்லை. கடலைமாவு வேண்டாம், துண்டு வேண்டாம், விரலைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். சாயங்காலத்துக்குள் அது அவருடைய யோசனையாகிவிட்டது. தம்பியிடம் போனில், "நான் ஒண்ணு யோசிச்சிகினு கீறேன்" என்று விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது சமையலறை வரைக்கும் கேட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. வாடிக்கையாளரோடு போய் உட்கார்ந்தால் அது ஓட்டல் சாப்பாடு இல்லை, வியாபாரம். மளிகைக்கடைக்காரர் வாயைத் திறக்க முடியாது. பெண்கள் வருகிற கூட்டத்துக்குத் துணையாக வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தியும் உட்கார்ந்தாக வேண்டும். அந்த ஒருத்தி யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தை மாதக் கல்யாணத்துக்கு வெம்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நெல் விவசாயம் பண்ணுகிறவர்கள். பெண்ணின் அப்பா சாது. பெண் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். ஆட்சி எல்லாம் பெண்ணின் அத்தை கையில். காது நிறையத் தோடும், கை நிறைய வளையலுமாக முன்சீட்டிலிருந்து இறங்கினார். அன்று காலையில் நான் அடுப்பில் குழம்பு வைக்கவில்லை. இட்லி மட்டும் ஊற்றி இறக்கிவிட்டு, நல்ல புடவை ஒன்று கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருப்பது ஒரு மாதிரி கூச்சமாகக்கூட இருந்தது.

மாடியில் மேஜைகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டிருந்தாள் அந்தப் பெண். ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் ஸ்பூனும் ஃபோர்க்கும் பளபளத்தன. என் வீட்டுக்காரர் அவற்றைப் பெற்ற பிள்ளைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். என் முன்னாலும் ஒரு தட்டு.

முதலில் சூப்பு வந்தது. யாரும் தொடவில்லை. ரசத்தை யாராவது முதலில் சாப்பிடுவார்களா? கிண்ணங்களை ஒதுக்கி வைத்துவிட்டுச் சோற்றுக்காகக் காத்திருந்தார்கள். சோறு வந்தது. பெண்ணின் அப்பா ஒரு பருக்கையை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்து, மெதுவாக, யார் மனமும் புண்படாத குரலில், "சோறு கொஞ்சம் கொழஞ்சி பூட்ச்சிம்மா" என்றார்.

"அந்த அரிசியே அப்பிடித்தாங்க. ஒட்டிகினுதான் இருக்கும்" என்றாள் ஓட்டல்காரப் பெண்.

"பரவால்ல. கஞ்சின்னு நெனச்சிக்கறேன்."

எல்லோர் கண்ணும் அத்தை மேல் இருந்தது. அவர் ஸ்பூனைக் கையில் எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மரியாதையாகத் தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார். டம்ளர் தண்ணீரில் வலது கையை நனைத்துக்கொண்டார். வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளினார். பச்சைக் குழம்பை எடுத்துச் சோற்றின் தலையில் கவிழ்த்து, நாலு விரலும் உள்ளங்கையும் சேரப் பிசைந்தார். "கை இன்னாத்துக்குக் கீது?" என்று மற்றவர்களைப் பார்த்து ஒரு அதட்டல். அவ்வளவுதான். வரிசையாக ஸ்பூன்கள் படுத்தன. தேங்காயெண்ணெய் மினுங்குகிற பச்சைக் குழம்பில் அந்தக் குடும்பத்தின் அத்தனை வலது கைகளும் ஒரே நேரத்தில் இறங்கின.

என் வீட்டுக்காரர் முகத்தை நான் பார்த்தேன். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் தட்டைத் தொடவே இல்லை.

பப்பாளிக்காய் வந்தபோது இன்னொரு கலவரம். அதைப் பார்த்ததும் பெண் மட்டும் சந்தோஷமாகக் கையை நீட்டினாள். "கல்யாணப் பொண்ணு பப்பாளிக் காய் துன்றதா? அறிவு கீதாடி உனக்கு?" என்று அத்தை அந்தத் தட்டைப் பிடுங்கி மேஜையின் கோடிக்குத் தள்ளினார். கோடியில் வேன் டிரைவர் இருந்தார். அவருக்குக் கல்யாணமாகி ரொம்ப நாளாகியிருந்தது. தட்டைக் காலி பண்ணிக் கொடுத்தார்.

"கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றார் பெண்ணின் அப்பா.

"எனக்கும்" என்றது இன்னொரு குரல். "சோறு போடு." "இங்க வெள்ளைக் கொழம்பு."

ஓட்டல்காரப் பெண் திகைத்து நின்றாள். அங்கே குழம்பு என்பது ஆளுக்கு ஒரு கிண்ணம். கிண்ணம் தீர்ந்தால் சாப்பாடு தீர்ந்தது. எங்கள் பக்கத்தில் கேட்டால் ஊற்றுவதற்குப் பெயர்தான் சாப்பாடு. அவள் என்னைப் பார்த்தாள். நான் என் தட்டைப் பார்த்தேன். வந்தவர்கள் வயிறு நிறைவதற்கு முன்னால் நான் கை நனைக்க முடியாது. அது எந்த ஓட்டலுக்கும் பொருந்துகிற சட்டம். உடம்பு தானாக எழுந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சமையலறைக்குள் போனேன். பாங்காக்கில் பல வருஷம் வேலை பார்த்த அந்த மனிதர் பச்சைக் குழம்புப் பாத்திரத்தை என் கையில் கொடுத்தார்.

அப்புறம் என்ன, நான் பரிமாறினேன். உட்கார்ந்து சாப்பிட வந்த ஓட்டலில், நல்ல புடவை கட்டிக்கொண்டு, கரண்டியும் பாத்திரமுமாக மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பாத்திரத்தை அத்தையின் தலையில் கவிழ்த்திருக்கலாம். "ரசம் எடுத்தா" என்றார் அவர். ஒதுக்கி வைத்திருந்த சூப்புக் கிண்ணங்களை நகர்த்தினேன். சோற்றில் ஊற்றிப் பிசைந்து உறிஞ்சினார்கள். "சித்தரத்தை போட்டுக்கிறாங்க. சளிக்கு நல்லது" என்று சான்றிதழ் கிடைத்தது. மோர் கேட்டார்கள். ஓட்டல்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போய்த் தயிர் பாக்கெட் வாங்கிவந்தார்.

எழுந்திருக்கும்போது அத்தை ஏப்பம் விட்டு, "வூட்டு சாப்பாடு மாதிரியே கீது" என்றார். அது அவர் தரக்கூடிய ஆகப் பெரிய பாராட்டு. சமையலறை வாசலில் நின்றிருந்த ஓட்டல்காரர் கும்பிட்டார். சிரிக்கிறாரா அழப்போகிறாரா என்று தெரியவில்லை.

கூட்டம் படியிறங்கியது. கையைத் தண்ணீரில் காட்டினதோடு சரி. என் வீட்டுக்காரர் என் காதருகே வந்து, "கையப் பார்த்தியா? அத்தினியும் எண்ணெய். நகமெல்லாம் பச்சை. ஜல்தி வா, கடலமாவு குடுக்கணும், துண்டு எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர்கள் பின்னாலேயே ஓடினார். நானும் முந்தானையை உதறிவிட்டு முதல் படியில் கால் வைத்தேன்.

"அக்கா" என்று பின்னாலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள். "நீங்க ஒண்ணுமே சாப்பிடலியே. பார்சல் கட்டட்டா?"

நான் படியில் நின்றேன். கீழே வேன் ஹாரன் அடித்தது. வீட்டில் வெள்ளை விரிப்பு, அதன் மேல் வெண்பட்டு, அதை நோக்கிப் போகிற அத்தையின் வலது கை, எல்லாம் கண் முன்னால் வந்தன. துண்டு இருக்கிற இடம் அவருக்குத் தெரியாது. கடலைமாவு டப்பா இருக்கிற இடமும் தெரியாது. அதனால் என்ன, வீடு அவருடையதுதானே.

"பார்சல் வேண்டாம்" என்றேன். படியின் மேலிருந்தே என் வீட்டுக்காரருக்குக் குரல் கொடுத்தேன். "நீங்க போங்க. நான் பின்னாடி வரேன்."

ஜன்னலோரம் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். மறைவாக ஓர் இடம் இருந்தது. அது வேண்டாமென்று தோன்றியது. எதிரே மளிகைக்கடைக்காரர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர்தான் பருப்பு அளக்கக் குனிந்தார்.

சூப்பு வந்தது. அவள் கொண்டுவந்து வைத்தாள். ஆவி என் முகத்தில் அடித்தது. அப்போது போன் அடித்தது.

"கடலமாவு எங்க கீது? அந்தம்மா வெள்ளப் பொடவையத் தொடப் போவுது!"

"சமையல் ரூம்ல, ரெண்டாவது தட்டுல. துண்டு பீரோ பக்கத்துல."

"நீ எங்க கீற?"

"சாப்பிட்டுகினு இருக்கேன்."

எத்தனையோ ஊர் ஜனங்களிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்டிருக்கிறேன். நான் சாப்பிடுகிறேன் என்று யாரிடமும் சொல்ல நேர்ந்ததில்லை. அவருக்கும் அதைக் கேட்டுப் பழக்கமில்லை. "யாரோட?" என்றார்.

"யாரோடயும் இல்ல. நான்தான்."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு ஸ்பூன் எடுத்து நேராக வாயில் வைத்தேன். ஊதிக் குடிக்க வேண்டும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. நாக்கு வெந்துவிட்டது. கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

"காரமாக்கா?" என்று பதறினாள் அந்தப் பெண்.

"இல்லம்மா. சூடு" என்றேன். நிற்காமல் கொட்டியது. அவள் ஒரு கிண்ணம் பப்பாளிக்காயைக் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு இனி அதில் என்ன பயம்? எல்லாவற்றையும் சாப்பிட்டேன். அவசரமே படவில்லை.

வீட்டுக்குப் போனபோது வேன் கிளம்பியிருந்தது. ஹாலில் மூன்று புடவை மடிப்புகள் இருந்த இடம் காலியாகத் தெரிந்தது. வெண்பட்டும் விற்றுப் போயிருந்தது. கடலைமாவு வாசலிலிருந்து ஹால் வரைக்கும் கோலம் மாதிரி சிந்திக் கிடந்தது. அவர் வேட்டியில் ஐந்து விரலும் தெளிவாக, பச்சையாக ஒரு கை. யாருக்கோ துண்டு அகப்படவில்லை போலிருக்கிறது.

அவர் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். ஓட்டலில் அடுத்தவர் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒரு வாய் சாப்பிடவில்லை. காலையில் மீந்த இட்லியைத் தட்டில் போட்டு, நின்றபடியே பிட்டுத் தின்றுகொண்டிருந்தார். சாயங்கால வெயில் சுவரில் ஏறியிருந்தது. என்னைப் பார்த்ததும் கோபப்படுவார் என்று நினைத்தேன். இட்லியை விழுங்கிவிட்டு, "எப்டி இருந்துச்சி?" என்றார்.

"சூடா இருந்துச்சி."

அவர் தலையாட்டிக்கொண்டு அடுத்த விள்ளலைப் பிட்டார். அது விறைத்துப் போயிருந்தது, பிய்ய மாட்டேன் என்றது. சூடு பண்ணித் தரட்டுமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. நாக்கு வெந்திருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன்.